பேய் ஏன் எப்பவும் ஊட்டிக்கே போகுது?

இருட்டு என்றதும் மற்ற ஊர்க்காரர்களுக்குப் பேய் ஞாபகம் வரும். நெல்லைக்காரனுக்கு அல்வாதான் ஞாபகம் வரும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலத்துக்கு மேல்தான் திறக்கிற ஒரு கடைக்கு 'இருட்டுக்கடை' என்றே பெயர் வைத்து, முண்டியடித்து க்யூவில் நிற்கிற ஊர் இது. இருட்டைப் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறவனை என்ன சொல்லிப் பயமுறுத்துவது?

பேய்க் கதை எழுதுகிறவர்களைக் கேட்டால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

"சமீபத்துல என்ன படிச்சீங்க?" என்று இங்கே ஏதாவது ஒரு ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். சட்டென்று "வண்ணதாசன்" என்று பதில் வரும். நம்ம ஊர்க்காரர், 2016-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியவர், பெயரைச் சொன்னாலே ஒரு மரியாதை. (படிக்கவும் செய்கிறார்கள். அதில் சந்தேகம் வேண்டாம்.) ஒரு டீயும் ரெண்டு வடையும் உள்ளே போன பிறகு அதே ஆளிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். குரல் தாழும். "ஒரு பேய்க் கதை சார்... சும்மா டைம் பாஸுக்கு..." என்பார். ஆபீஸ் நேரத்தில் மேட்னி ஷோ போய் மேனேஜரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி முகம் போகும்.

செங்கோட்டை பாசஞ்சரில் தினமும் ஜங்ஷனுக்கு வருகிற எங்கள் கோஷ்டிக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நானும் கோர்ட் குமாஸ்தா அண்ணாச்சியும் அம்பாசமுத்திரத்தில் ஏறுவோம். கல்லிடைக்குறிச்சியில் பேங்க் நண்பர், வீரவநல்லூரில் மின்வாரிய நண்பர், சேரன்மகாதேவியில் மருந்துக் கம்பெனி ரெப்பாக இருக்கிற தம்பி. யார் புத்தகம் வாங்கினாலும் அது ஐந்து பேருக்கும் சொந்தம். படித்து முடித்ததும் பேட்டை தாண்டுவதற்குள் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். அப்பீல் உண்டு, மறுநாள் காலையில்.

போன மாதம் நான் ஒரே ஒரு கேள்விதான் போட்டேன். "கடைசியாப் படிச்சதுல, ராத்திரி எந்திரிச்சு பாத்ரூம் போக விடாமப் பண்ணின கதை எது?"

முதலில் பேசியவர் மின்வாரியம். "ஒண்ணு படிச்சேன் சார். மலைமேல பங்களா, மழை, வெள்ளைச் சேலை. எங்க டிபார்ட்மென்டைக் கேவலப்படுத்தணும்னே எழுதுதாங்க. பேய் வரும்போதெல்லாம் கரண்டு போயிருது! அந்த ஏரியா லைன்மேன் என்னதான் செய்தான்னு ஒரு வரி உண்டா?"

தம்பிக்கு வேறு சந்தேகம். "அதை விடுங்கண்ணே. பேய் ஏன் எப்பவும் ஊட்டிக்கே போகுது? இல்லாட்டி கொடைக்கானல். நம்ம வி.கே.புரத்துக்கு வந்தா ஆகாதோ?"

"இங்க வெயில் தாங்காதுல" என்றார் அண்ணாச்சி. "அக்னி நட்சத்திரத்துல வெள்ளைச் சேலை கட்டிட்டு ரோட்டுல நின்னா அதுக்கே மயக்கம் வந்துரும். நாமதான் தண்ணி தெளிச்சு எழுப்பணும்."

பெட்டியே சிரித்தது. ஆனால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஏனென்றால், மர்மக் கதைக்கும் பேய்க் கதைக்கும் தாமிரபரணிக் கரை ஒன்றும் வெளியூர் இல்லை.

துப்பறியும் நாவல் என்ற சரக்கைத் தமிழில் முதன்முதலில் கடைவிரித்தவர்களில் ஒருவர் பாளையங்கோட்டைக்காரர். ஜே.ஆர். ரங்கராஜு. பிறந்தது 1875-ல். அவருடைய துப்பறிவாளர் பெயர் கோவிந்தன். 'ராஜாம்பாள்', 'சந்திரகாந்தா', 'மோகனசுந்தரம்' என்று அவர் எழுதியவை கொஞ்சம்தான். ஆனால் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றுத் தீர்ந்தன. 'ராஜாம்பாள்' 1935-ல் ஒரு தடவை, 1951-ல் இன்னொரு தடவை என்று ரெண்டு முறை சினிமாவாகவும் ஆயிற்று. அந்தப் பக்கம் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். இந்தப் பக்கம் நம்ம ரங்கராஜு. நம் தாத்தாக்கள் பஞ்சாங்கத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தது இந்த மூன்று பேரைத்தான். (கூச்சம் பரம்பரை வியாதி!)

அடுத்த ஆள் இன்னும் பெரிய ஆள். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்த சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். இலக்கியம் பேசுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்காத குறை. ஆனால் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் கதையைத் தமிழில் 'பிரேத மனிதன்' என்று கொடுத்தவர் அவர்தான் என்பதை ஏனோ மெதுவாகத்தான் சொல்வார்கள். வேதாளத்தை வைத்துக் காமெடி பண்ணியவரும் அவர்தான். 'பிரம்மராக்ஷஸ்' என்றே ஒரு கதை எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே, 1943-ல் வந்த 'காஞ்சனை'.

'காஞ்சனை'யை எங்கள் கோஷ்டியில் சுற்றுக்கு விட்டது நான்தான். புதுமைப்பித்தன் எழுத்துகள் அரசுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பிலேயே கிடைக்கிறது. கதையில் ஊட்டி கிடையாது, பங்களா கிடையாது. ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, வீட்டு வேலைக்கு வந்து சேருகிற ஒரு பெண். அவ்வளவுதான் ஆட்கள். ராத்திரியில் எங்கிருந்தோ ஒரு வாடை வரும். என்ன நடந்தது, நிஜமாகவே நடந்ததா, அந்தப் படித்த மனுஷனின் பிரமையா என்று கடைசிவரை பிடி கொடுக்காமல் கொண்டுபோய் நம்மை நடுவீட்டில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்.

பேங்க் நண்பர் மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். முகம் சரியில்லை.

"என்ன, நல்லா இல்லையா?"

"கதை நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கப் புதுசா ஒரு அம்மா வந்திருக்காவ. பாவம், நல்ல மனுஷி. ரெண்டு நாளா அவங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. நேத்து காப்பி குடுத்தாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."

வெள்ளைச் சேலை செய்ய முடியாத வேலையை ஒரு டம்ளர் காப்பி செய்துவிட்டது பாருங்கள். ஊட்டி பங்களாவுக்கு நாம் போகப் போவதில்லை. நம் அடுப்படிக்குப் போகாமல் இருக்க முடியுமா?

இதைச் சொன்னவுடன் தம்பி பாய்ந்தான். "அப்ப மாத நாவல் எழுதறவங்கல்லாம் சும்மாவா?" சும்மா இல்லை. தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வாழைப்பழக் குலைக்குப் பக்கத்தில் க்ளிப் மாட்டித் தொங்கிய அந்த நாவல்கள் இல்லையென்றால் எத்தனையோ பேர் பாடப்புத்தகத்துக்கு அப்புறம் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். டீ உள்ளே போனால்தான் மூளை ஓடுகிற தமிழ்வாணனின் சங்கர்லால். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 1,500 நாவல்களுக்கு மேல் எழுதித் தள்ளியிருக்கிற ராஜேஷ்குமார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா. (சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் கதைக்கே போகிறவர்கள் உண்டு. பெயர் சொல்லவில்லை, மின்வாரியம்.) சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி. பேய்க்கென்றே தனியாக பி.டி. சாமி. 2008-ல் சென்னை ப்ளாஃப்ட் பதிப்பகம் இந்த மாதிரிக் கதைகளைப் பொறுக்கி எடுத்து இங்கிலீஷில் மொழிபெயர்த்துத் தொகுப்பாகவே போட்டது. பளபள அட்டையில் வந்த பிறகு, இங்கே மூக்கைச் சுளித்தவர்களே கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அது வேறு கதை.

மாத நாவல் காலத்து வாசகன் எப்படிப் படித்தான் என்பது தம்பிக்குத் தெரியாது. சொன்னோம். வாடகை நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். முதல் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலால் 'கொலை செய்தது டாக்டர்' என்று எழுதி வைத்திருப்பான். அது பொய்யாக இருந்தால் இன்னும் மோசம். 96 பக்கமும் டாக்டரையே முறைத்துக்கொண்டு படித்திருப்போம்! தொடர்கதை என்றால் வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, சேர்த்து, பைண்டு பண்ணி வைப்பார்கள். அந்த பைண்டு வால்யூம்கள் கல்யாண சீர்வரிசையோடு போன வீடுகள்கூட இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு.

ராஜேஷ்குமாரைப் பற்றிப் பேங்க் நண்பரின் கருத்து இது: "ரெண்டு தண்டவாளம் மாதிரி ரெண்டு கதை தனித்தனியா ஓடும். எங்க சேரப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நமக்குப் பழக்கமான சங்கதிதானே, தினமும் ரயில்ல போறேம்லா?" அண்ணாச்சிக்குத் துப்பறியும் கதை பிடிக்காது. காரணம் கேட்டோம்.

"முப்பது வருஷம் கோர்ட்டுல இருக்கேன் வே. கொலை பண்ணினவன் யாருன்னு ஊருக்கே முதல் நாளே தெரியும். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? சாட்சி சொல்லத்தான் ஒரு பயலும் வர மாட்டான்."

இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சேரன்மகாதேவி வந்து, போண்டா வந்து, அது தீர்ந்த பிறகுதான் பேச்சு திரும்பியது.

திரும்பியது சுஜாதாவுக்கு. 'கொலையுதிர் காலம்', குமுதத்தில் தொடராக வந்த கதை. கணேஷும் வசந்தும் ஒரு பழைய வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணில் படுவது பேயா, விஞ்ஞானமா என்று கதை முழுக்க ஒரு கயிறு இழுக்கிற போட்டி. எங்கள் பெட்டியிலும் அதே போட்டி நடந்தது. மின்வாரியம் விஞ்ஞானக் கட்சி. ("எல்லாத்துக்கும் ஒரு கனெக்ஷன் இருக்கும் சார்.") பேங்க் பேய்க் கட்சி. ('காஞ்சனை' எஃபெக்ட்.) முடிவைச் சொன்னால் படிக்காதவர்கள் அடிக்க வருவீர்கள். எனக்கு அந்த நாவலில் பிடித்தது, பேயை நம்பாதவன் நம்பாமலும் இருக்க முடியாமல் திண்டாடுகிற திண்டாட்டம். ஆனால் ஒரு குறை. படித்து முடித்து விளக்கை அணைத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. அது மூளையோடு நடக்கிற சண்டை. வயிற்றைப் பிசைவதில்லை.

வயிற்றைப் பிசைந்தது எது? ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே பதில் சொன்னோம். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா'. 1990-களின் பிற்பாதியில் நாகா டைரக்‌ஷனில் 'மர்மதேசம் - விடாது கருப்பு' என்று சன் டி.வி.யில் வந்து தெருவையே காலி பண்ணிய கதைதான். மதுரைக்காரரான இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். அவர் எழுதிய எல்லாவற்றையும் நான் சிலாகிக்க மாட்டேன். சித்தர், ஓலைச்சுவடி, நாகம் என்று ஒரே மாவில் பல தோசை சுட்டிருக்கிறார். ஆனால் இந்தக் கதை வேறு. ராத்திரியில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும். தப்பு செய்தவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குவான்.

"அதாம்ல விஷயம்" என்றார் அண்ணாச்சி. "ஊட்டிப் பேய் யாரை வேணாலும் பிடிக்கும். பங்களாவுல தங்க வந்தவன் என்ன பாவம் பண்ணினான்? கருப்பன் அப்படியில்ல. யார் வீட்டுக்குப் போகணும்னு தெரிஞ்சுதான் வாரான்."

அண்ணாச்சி சொன்னதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். நெல்லைச் சீமையில் பிறந்தவனுக்குப் பேய்க் கதையை முதலில் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. ஊர்க் கொடைதான். சுடலைமாடன் கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. கைலாசத்தில் பார்வதி விளக்குச் சுடரிலிருந்து மாடன் பிறந்த கதை, பச்சைப் பிள்ளை ராத்திரி எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்ற கதை, அந்த வாடை கைலாசத்துக்கு ஆகாமல் பூலோகத்துக்கு அனுப்பப்பட்ட கதை. பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டவனிடம் போய் டிராகுலா ரத்தம் குடிப்பான் என்று சொன்னால், "அப்புறம்?" என்றுதான் கேட்பான். நள்ளிரவில் சாமியாடி பந்தத்தோடு மயான வேட்டைக்குக் கிளம்பும்போது எதிரே யாரும் போகக் கூடாது. ஏழு வயதில் போர்வைக்குள்ளிருந்து அந்த மகுடச் சத்தம் தூரமாகப் போய்ப் போய்த் தேய்வதைக் கேட்டவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

வில்லுப்பாட்டில் ஒரு விசேஷம். பாடுகிறவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருக்கிறவர் 'ஆமா' போடுவார். ஆமா போட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது. எங்கள் ரயில் கோஷ்டியும் ஒரு வகையில் ஆமா போடுகிற கோஷ்டிதான். தனியாக ஒரு கதையைப் படித்து மூடி வைப்பதற்கும், நாலு பேர் "அந்த இடம் எப்படி?" என்று அடித்துக்கொள்வதற்கும் ருசியே வேறு.

கொடையில் பாடுகிற கதைகளில் இசக்கியோடு சேர்த்துச் சொல்லப்படுகிற நீலி கதை ஒன்று உண்டு. 'நீலிக் கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலிதான். பல வடிவம் இருக்கிறது. சுருக்கம் இது: நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான் ஒருவன். அடுத்த பிறவியில் அவன் வியாபாரி, அவள் பேய். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னை விட்டுட்டு ஓடுதார்' என்று பழையனூர் வேளாளர் சபை முன்னால் போய் அழுகிறாள். பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். 'உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம்' என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

எந்த மாத நாவலில் இந்த மாதிரி ஒரு கோர்ட் சீன் படித்திருக்கிறீர்கள்? வாதி பேய். சாட்சி கள்ளிக் கொம்பு. தீர்ப்பு சொன்ன ஜட்ஜுகள் எல்லாரும் காலி. 'சாட்சி சொல்ல வர மாட்டான்' என்று அண்ணாச்சி சொன்னாரே, இந்தக் கதையில் செத்தவளே எழுந்து வந்துவிடுகிறாள்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் தெற்கே வந்து வில்லுப்பாட்டைக் கேட்டுக் கேட்டு 1988-ல் ஒரு புத்தகம் போட்டார். வில்லில் பாடப்படுகிற சாமிகள் ரெண்டு வகை என்று அதில் பிரிக்கிறார். கைலாசத்தில் பிறந்து வந்தவர்கள் ஒரு வகை. இந்த மண்ணில் பிறந்து, அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. நம் ஆட்கள் புத்தகம் இல்லாமலே 'வெட்டுப்பட்ட வாதை' என்பார்கள். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை' இந்த ரெண்டாம் வகை. பிராமணப் பையன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கிற குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் கல்யாணம் பண்ணி, அவர்கள் தொழிலையே தன் தொழிலாக ஏற்றுக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயன். அவனுக்கு நேர்த்திக்கடனாகச் செருப்புதான் செலுத்துகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஊர்ப் பேய்களுக்கெல்லாம் ஒரு வழக்கு இருக்கிறது, வே. கேட்பாரில்லாமல் போன வழக்கு. ஊட்டிப் பேயிடம் அது இல்லை. வெறும் சேலைதான் இருக்கிறது. நெல்லைக்காரன் ஏன் கொட்டாவி விடுகிறான் என்பதற்கு என் அபிப்பிராயம் இதுதான். ஒப்புக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம், காலை பாசஞ்சரில் இடம் இருக்கிறது.

வெளிநாட்டுக்காரர்களும் நல்ல பேய்க் கதை எழுதும்போது நம்ம ஊர் வழிக்குத்தான் வருகிறார்கள். ஜப்பானில் கோஜி சுஸுகி 1991-ல் எழுதிய 'ரிங்' நாவலில் பழிவாங்குகிறவள், கொலை செய்யப்பட்டுக் கிணற்றில் தள்ளப்பட்ட பெண். (கிணறு என்றதும் உங்களுக்கும் நல்லதங்காள்தானே ஞாபகம் வந்தாள்?) அமெரிக்காவில் டோனி மாரிசன் 1987-ல் எழுதிய 'பிலவட்' நாவலில் வருவது ஒரு குழந்தையின் ஆவி. அடிமையாய் வாழ விடக் கூடாதென்று பெற்ற தாயே கொன்றுவிட்ட குழந்தை. 1993-ல் மாரிசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'பேய்க் கதை எழுதினவருக்கா?' என்று ஸ்வீடனில் யாரும் முகம் சுளித்த மாதிரித் தெரியவில்லை.

ஒரு ராத்திரி, ரயில் லேட். நானும் தம்பியும் பாளையங்கோட்டை போக வேண்டியிருந்தது. சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தோம். 1843-ல் திறந்த பாலம். கீழே தாமிரபரணி, பத்தரை மணிக்குச் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, இந்தப் பாலத்துல பேய் இருக்குன்னு கதை உண்டா?" என்று கேட்டான்.

அந்தக் கொக்கிரகுளம் பக்கத்தைக் கையால் காட்டினேன். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாக வந்தவர்கள். போலீஸ் தடியடி. ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். 17 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஆற்றில் பூப்போடுகிறார்கள்.

தம்பி பிறந்தது அதற்கு அப்புறம். இந்த ஊரிலேயே வளர்ந்தவன், கேள்விப்பட்டிருக்கிறான், இந்த இடம்தான் என்று தெரியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான்.

"குழந்தைக்கு என்ன வயசுண்ணே?"

"கைக்குழந்தைதான்."

பாளை மார்க்கெட் வரும்வரை வேறெதுவும் பேசவில்லை. இறங்குகிற இடத்தில், "இதையெல்லாம் யாரும் கதையா எழுதலையா?" என்றான். பேய்க் கதையாக நான் படித்ததில்லை என்றேன். எழுதுகிறவனுக்குக் கை நடுங்கும். நடுங்கட்டும். வில்லுப்பாட்டில் முத்துப்பட்டனை முதலில் பாடினவனுக்கும் நடுங்கித்தான் இருக்கும். அப்போது அது இருநூறு வருஷத்துப் பழங்கதையா என்ன? பக்கத்து ஊர்ச் சாவு.

இப்போது பெட்டிக்கடையில் க்ளிப் மாட்டின நாவல்கள் குறைந்துவிட்டன. ஆப்பில் படிக்கிறார்கள், யூ-டியூபில் விளக்கை அணைத்துவிட்டுப் பேய்க் கதை கேட்கிறார்கள். தம்பியும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன்தான். கெட்டுப்போய்விட்டது காலம் என்று நான் அழத் தயாராக இல்லை. வில்லுப்பாட்டும் காதால் கேட்ட கதைதானே? ஒரே வருத்தம், இயர்போனுக்குள் ஆமா போட இடமில்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சிரித்தால், என்ன என்று தெரியாமல் நாலு பேர் முழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் புது ரூல் போட்டிருக்கிறோம். ராத்திரி கேட்ட கதையை காலையில் அவன் வாயால் எங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் சொன்ன கதையில் பேய் குன்னூரில் இருந்தது. "ஊட்டிக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு, முன்னேற்றம்தான்" என்றார் மின்வாரியம்.

'காஞ்சனை' இப்போது தம்பி கையில். அடுத்து மின்வாரியம். அண்ணாச்சி ஏற்கெனவே படித்துவிட்டேன் என்கிறார், ஆனாலும் க்யூவில் பெயர் கொடுத்திருக்கிறார். நேற்று புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் பேங்க் நண்பரின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது:

'வேலைக்கார அம்மா கண்ணில் படாமல் வைக்கவும்.'